நாற்பத்தாறு தலைக்கட்டும் ஒரு முக்கோணமும்

அழிக்கவா சொன்னேன் தாயி, மடிச்சுத்தான வைக்கச் சொன்னேன். காலையில் பெரியப்பா போனில் சொன்னது, சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, மேசையைத் துடைத்து, அதிலேயே லேப்டாப்பைத் திறந்து வைத்த பிறகும் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மணி இரண்டரை. ஐந்து மணிக்கு ஊரில் கோயில் மண்டபத்தில் கூட்டம், குலசாமிக்கு எடுக்கிற மாசிக் களரித் திருவிழாவுக்கு முன்னால் எங்கள் வகையறா மொத்தமும் கூடுகிற கூட்டம், இந்த வருடம் புதுசாக வெள்ளைத் திரை கட்டி எங்கள் குடும்ப வலைப்பதிவை அதில் போட்டுக் காட்டப் போகிறார்கள். எங்கள் என்று என்ன எங்கள், நான் செய்தது. அப்பா இறந்த வருடம் அவர் பெட்டியில் இருந்த பழைய போட்டோக்களைப் போட ஒரு இடம் வேண்டும் என்று மதுரையில் இதே மேசையில் உட்கார்ந்து ஆரம்பித்தேன், பிறகு ஆளாளுக்கு எங்க குடும்பத்தையும் போடு, எங்க தாத்தாவையும் போடு என்று அனுப்ப ஆரம்பித்து, இப்போது வகையறாவில் உள்ள நாற்பத்தாறு தலைக்கட்டும் ஒரே பதிவில் இருக்கிறது. கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. கோயிலில் அவன் பெயருக்குத்தான் அழைப்பு, அவன் பெயருக்குத்தான் பிரசாதம், கூட்டத்தில் அவனுக்குத்தான் பேச்சு. பதிவு நீளமாகிவிட்டது, அது உண்மை, நான் மறுக்கவில்லை. போனில் பார்த்தால் கட்டைவிரல் தேய்கிற நீளம். விரி சுருக்கு வைக்க வேண்டும் என்று எனக்கே தோன்றிக்கொண்டிருந்தது, தலைப்பு மட்டும் தெரியும், பக்கத்தில் சின்ன முக்கோணம், தொட்டால் பகுதி விரியும், மறுபடி தொட்டால் மூடிக்கொள்ளும், நல்ல வசதி. எல்லாவற்றையும் மூடிவைக்கச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் செய்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். ஆனால் பெரியப்பா சொன்னது அது இல்லை. “ஆம்பளைக பகுதி திறந்தே இருக்கட்டும். பொம்பளைப்பிள்ளைக கட்டிக்குடுத்துப் போனவுகதான, அவுக பகுதிய மடிச்சுப் போட்ரு. வேணுங்கிறவுக தொட்டுப் பாத்துக்கிரட்டும். அழிக்கவா சொன்னேன் தாயி, மடிச்சுத்தான வைக்கச் சொன்னேன்.” சரி பெரியப்பா என்று சொன்னேன். நாற்பத்திரண்டு வயதில், பிரஷருக்கு மாத்திரை போடுகிற வயதில், சரி பெரியப்பா.

செய்யவும் செய்தேன். காலை பத்து மணிக்குக் காபி குடித்துக்கொண்டே செய்தேன். இந்த முக்கோணத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பகுதி திறந்திருக்க வேண்டும் என்றால் அதன் தலையில் ஓபன் என்று ஒரு சொல் எழுத வேண்டும். மூடியிருக்க வேண்டும் என்றால் எதுவும் எழுத வேண்டியதில்லை, சும்மா விட்டால் தானே மூடிக்கொள்ளும். நாற்பத்தாறு பேருக்கும் தனித்தனியாக எழுத யாருக்குப் பொறுமை, அதனால் ஒரு விதி எழுதினேன், தலைக்கட்டு எண் இருந்தால் ஓபன் போடு, இல்லாவிட்டால் அட்டவணையில் யாருக்குக் கீழே என்று இருக்கிறதோ அவருக்குக் கீழே மூடி விடு. அட்டவணையில் பெயருக்கு எதிரே அந்த எண் இருக்கிறது, பெரியப்பா ஒன்று, பெரியப்பா மகன் இரண்டு, என் தம்பி இருபத்தேழு. ஒரே தட்டு. முப்பத்தெட்டுப் பெண்கள் மடிந்தார்கள். தம்பியின் கார், தம்பியின் மாடிவீடு, தம்பி மகன் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பை எல்லாம் விரிந்து கிடக்க, அதற்குக் கீழே சங்கரேஸ்வரி, மதுரை என்று ஒரு வரி, பக்கத்தில் முக்கோணம். அது நான். என்னை நானே மடித்துவிட்டு, காபி டம்ளரின் அடியில் கரையாமல் இருந்த சர்க்கரையை விரலால் வழித்துச் சாப்பிட்டேன். வலிக்கவில்லை. ஏன் வலிக்கவில்லை என்று இப்போது கேட்கிறேன், அப்போது கேட்கவில்லை. அந்தப் பக்கம் போன மகள் திரையைப் பார்த்து, “ஏம்மா உன்னை மட்டும் மூடி வச்சிருக்க?” என்றாள், “போய்க் குளி” என்றேன். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை கேட்ட கேள்விக்கு நல்ல பதில். அப்புறம் சரிபார்க்கலாம் என்று கடைசி வரை இழுத்துக்கொண்டு வந்தபோதுதான் குருவம்மாள் அத்தையைக் காணோம். அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, பெரியப்பாவுக்கும் தங்கை, ஆயிரத்து நூறு வார்த்தை நானே எழுதிச் சேர்த்த பகுதி, எங்கேயும் இல்லை. அத்தைக்குத் தலைக்கட்டு எண் கிடையாது. கல்யாணம் ஆகவில்லை, ஆகவே புருஷன் வீடு கிடையாது. தாத்தா போய்ச் சேர்ந்து முப்பது வருடம் ஆயிற்று, ஆகவே யாருக்குக் கீழே என்பதும் கிடையாது. மடித்து வைக்கக்கூட ஒரு இடம் தெரியாமல் என் விதி அவரை வெளியே விட்டுவிட்டது. பத்து நிமிடம் தேடினேன். ஒரு கமா விட்டுப்போனால் சிவப்பு சிவப்பாகக் கத்துகிற பெட்டி, ஒரு மனுஷியை விட்டதற்கு மூச்சு விடவில்லை. தப்பு என்றே அது நினைக்கவில்லை, நினைக்க அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது, விதியை எழுதியது நான்.

உடனே பெரியப்பாவைக் கூப்பிட்டேன். கூப்பிட்டிருக்கக் கூடாது, கேட்டால் பதில் வரும் என்று தெரிந்தும் கேட்கிற புத்தி எனக்கு எப்போது போகும். “அத்தை பகுதி எங்க வரணும் பெரியப்பா?” அவர் யோசிக்கக்கூட இல்லை. “நல்லாத்தான் எழுதியிருக்க, படிச்சேன். ஆனா அது எந்த வீட்டுக் கணக்குல வரும், நீயே சொல்லு. கடைசில இதரன்னு ஒண்ணு வச்சிருக்கேல்ல, அதுல போட்டு மடிச்சு வச்சிரு. குருவு ஒண்ணும் நினைக்க மாட்டா, நானே சொல்லிக்கிறேன்.” இதர. இதரவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் சொன்னாரா. பந்தல்காரர் நம்பர் இருக்கிறது, மைக்செட் நம்பர் இருக்கிறது, கோயிலுக்கு வருகிற மினி பஸ் நேரம் இருக்கிறது, போன களரியில் மண்டபத்தில் யாரோ விட்டுப்போன டிபன் கேரியரின் போட்டோ இருக்கிறது, இன்னும் யாரும் வந்து வாங்கவில்லை. அதற்குக் கீழே அத்தை. முப்பத்தாறு வருடம் கிராம நர்சு. முதலில் சைக்கிள், பிறகு மொபெட், பின்னால் சொட்டு மருந்துப் பெட்டி, முன்னால் பிரசவப் பை, சேலையில் எப்போதும் டெட்டால் வாசனை, அந்த வாசனை வந்தால் நாங்கள் ஊசி என்று நினைத்து மாட்டுக்கொட்டகைக்கு ஓடுவோம். ஆஸ்பத்திரி என்றால் பதினெட்டு மைல் என்றிருந்த காலத்தில் ஊருக்கே அவர்தான் கை. நான் எழுதிய பகுதியின் முதல் வரியே அதுதான், நம் நாற்பத்தாறு தலைக்கட்டில் பத்தொன்பது பேர் இவர் கையில் பிறந்தவர்கள். அந்த வரியை எழுத ஒரு சாயங்காலம் பிடித்தது. அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, யார் எந்த வருடம், யார் ஊரில் பிறந்தது, யார் ஆஸ்பத்திரியில் என்று ஒவ்வொரு தலைக்கட்டாக டிக் போட்டு எண்ணினேன், பெரியப்பாவின் இரண்டு மகன்களும் அதில் உண்டு. பத்தொன்பது. எழுதி முடித்தபோது எனக்கே ஒரு திமிர் வந்தது, இதற்கு என்ன பதில் சொல்வார்கள் பார்க்கலாம் என்று. பதில் சொல்லவே இல்லை. நல்லாத்தான் எழுதியிருக்க என்று சொல்லி மடிக்கச் சொல்லிவிட்டார். திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், பாராட்டிவிட்டு மூடச் சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது.

வெளியே யார் வீட்டிலோ தண்ணீர் மோட்டார் ஓடுகிறது, தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் கேட்கிறது, யாரும் அணைக்கவில்லை, எனக்கு எழுந்து போய்க் கத்த வேண்டும்போல இருக்கிறது. கத்தமாட்டேன். நான் கத்துகிற ஆள் இல்லை, மனசுக்குள் கத்துகிற ஆள். பெரியப்பா போன் வந்தால் இப்போதும் எழுந்து நிற்கிறேன், அவர் நூறு கிலோமீட்டர் தள்ளி ஈஸிசேரில் படுத்துக்கொண்டு பேசுகிறார், நான் இங்கே நின்றுகொண்டு கேட்கிறேன், வீட்டுக்காரர் பார்த்துவிட்டு “உக்காந்து பேசேன்” என்று சிரிக்கிறார். அவருக்குச் சிரிப்பு. அவருக்கு சீமைச்சாமி பெரியப்பாவைத் தெரியாது, தோளில் துண்டோடு கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். கெட்டவர் இல்லை, அதுதான் இதில் பெரிய தொந்தரவு. அப்பா படுக்கையில் கிடந்தபோது வாராவாரம் பஸ் ஏறி வந்தவர். ஆனால் அத்தைக்கு சிவகாசியில் இருந்து ஒரு மாப்பிள்ளை வந்தாரே, சுகாதாரத் துறையிலேயே வேலை, அத்தைக்கும் பிடித்திருந்தது என்று அம்மா ஒரு நாள் வாய்தவறிச் சொன்னாள், அப்போது, “எங்க அம்மாவை யார் பாக்குறது, அவ வேலையை யார் அங்க மாத்தித் தருவா, கொஞ்சம் பொறுக்கட்டும்” என்று சொன்னவரும் இதே பெரியப்பாதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்சம் பொறுக்கட்டும். அந்தக் கொஞ்சம் முடிவதற்குள் அத்தைக்கு நாற்பது வயது ஆகிவிட்டது, அப்புறம் அந்தப் பேச்சை எடுப்பதே அசிங்கம் என்று ஆகிவிட்டது. இவர்கள் எதையும் அழிப்பதில்லை. யாரையும் வெளியே போ என்று சொல்வதில்லை. எனக்குப் பத்து வயது இருக்கும், களரிக்குப் பொங்கல் வைத்துப் படைத்து முடிந்து, பூசாரி தலைக்கட்டுப் பெயரைச் சொல்லிச் சொல்லி அழைக்கிறார், சொன்ன பெயர்க்காரன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்த் தேங்காய் மூடியும் பொங்கலும் வாங்குகிறான், அத்தை என் பக்கத்தில் ஒரு தூக்குவாளியோடு நிற்கிறார். அவர் பெயரை யாரும் கூப்பிடப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், பெரியப்பா வாங்கி வந்து அதில் கொஞ்சம் போடுவார் என்று காத்திருக்கிறார். அப்போது ஒரு ஆள் ஓடிவந்தான், நர்சம்மா வாங்க, பனிக்குடம் உடைஞ்சு போச்சு. அத்தை வாளியை என் கையில் கொடுத்துவிட்டு வெயிலில் செருப்பில்லாமல் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது பொங்கல் தீர்ந்திருந்தது. பையன் என்று சொன்னார், மூணு கிலோ இருப்பான் என்று சொன்னார், வாளியை வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பையன்தான் இப்போது முப்பத்தொன்றாவது தலைக்கட்டு, வீரசிங்கம், அவன் பகுதி திறந்திருக்கிறது, புல்லட்டில் சாய்ந்து நிற்கிற போட்டோ திரை முழுக்க. அவனை வெளியே எடுத்த கை டிபன் கேரியருக்குக் கீழே. எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

மூன்றேகால். பேசாமல் போனை எடுத்துப் பெரியப்பாவிடம் சொல்லிவிடலாம், முடியாது பெரியப்பா என்று. முடியாது என்ற சொல்லில் என்ன இருக்கிறது, நான்கு எழுத்து, வேலை பார்க்கிற இடத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறேன். அவர் என்ன செய்துவிடுவார், அடிக்கவா போகிறார், படிச்ச பிள்ளை இப்படித்தான் பேசும் என்பார், உங்கப்பன் இருந்திருந்தா என்பார், அப்பா இருந்திருந்தால் அப்பாவும் மடித்து வை என்றுதான் சொல்லியிருப்பார், அதை நினைத்தால் அப்பா மேலும் கோபம் வருகிறது, செத்துப்போனவர் மேல் கோபப்படக்கூடாது என்று அந்தக் கோபத்தின் மேல் ஒரு கோபம். இல்லாவிட்டால் ஆண்களையும் சேர்த்து மடித்துவிடலாம், நாற்பத்தாறு பேரையும், பெரியப்பாவை முதலில். ஐந்து மணிக்குத் திரையில் வெறும் பெயர்களும் முக்கோணங்களும் மட்டும் தெரியும், எல்லாரும் முழிப்பார்கள், டெக்னிக்கல் பிராப்ளம் என்று சொல்லிக்கொள்ளலாம். பாருங்கள், இதிலும் பொய்தான் முதலில் வருகிறது, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கருவியின் மேல் பழி போடுகிற புத்தி. அத்தைக்கு எழுபத்து நான்கு. இந்தப் பதிவு அத்தைக்கு அப்புறமும் இருக்கும், எனக்கு அப்புறமும் இருக்கும், வீரசிங்கத்தின் பேரன் ஒரு நாள் எங்க வம்சம் என்ன என்று திறந்து பார்ப்பான், கண்ணில் படுவதைப் படிப்பான், மூடியதை எதற்குத் தொடப் போகிறான், நானே யாருடைய பக்கத்திலும் அப்படித் தொட்டுப் பார்த்தது கிடையாதே. அப்போது குருவம்மாள் என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு ஒரு முக்கோணம்தான் சாட்சி. அதை நினைத்தவுடன் பயந்துவிட்டேன். பயம் வந்ததும் கோபம் ஓடிவிட்டது, எனக்கு எப்போதும் அப்படித்தான், பயம் வருகிற வரைக்கும்தான் வீரம். மூன்று ஐம்பதுக்குப் பெரியப்பா வகையறா வாட்ஸ்அப் குரூப்பில், “சங்கரி பதிவு தயாரா, இங்கே டெஸ்ட் பண்ணணும்” என்று போட்டார், கீழே எட்டுப் பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். நான் அத்தையின் ஆயிரத்து நூறு வார்த்தையை எடுத்து இதரவில் ஒட்டினேன். தலைப்பு, குருவம்மாள், ஓய்வுபெற்ற செவிலியர். ஓபன் போடவில்லை. வெளியிடு என்பதை அழுத்தினேன். அழுத்திவிட்டுப் போய் முகம் கழுவினேன், கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் துண்டால் மூடிக்கொண்டே வெளியே வந்தேன்.

நாலேகாலுக்கு அத்தை கூப்பிட்டார். ஊரில் தனி வீடு, தனிச் சமையல், போன வருடம் நான் வாங்கிக் கொடுத்த போன். “சங்கரி, நாந்தான். வேலையா இருக்கியா? குரூப்புல பதிவு வந்துருக்குன்னு போட்ருக்காக, பாத்துக்கிட்டு இருக்கேன். என் பேரு கடைசில இருக்கு.” ஆமா அத்தை என்றேன். “அண்ணன் காலையிலேயே சொல்லிட்டாக, மடிச்சு இருக்கும், தொட்டாத் திறக்கும், நீ ஒண்ணும் நினைக்காதன்னு. நான் என்ன நினைக்கப் போறேன். ஆனா தொடுறேன், திறக்க மாட்டேங்குது. என் பேரு நீலமா மாறுது, காப்பியா ஷேரான்னு என்னமோ கேக்குது. நான் என்னத்தா தப்புப் பண்றேன்?” அழுத்திப் பிடிக்கிறார், எடுக்க வேண்டிய நேரத்தில் விரலை எடுக்கவில்லை. “லேசாத் தொட்டு உடனே எடுங்க அத்தை.” “லேசாத்தான் தொடுறேன். இந்தா, மறுபடியும் நீலமாயிருச்சு.” பேசினால் கெட்ட வார்த்தை வரும், யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. அத்தையே பேசினார். “ஒண்ணு கேக்கணும். மண்டபத்துல திரையில காட்டும்போது அந்த இடம் வந்தா யாராச்சும் திறப்பாகளா, இல்ல அப்படியே தாண்டிப் போயிருவாகளா?” ஏன் கேக்கிறீங்க என்றேன். “இல்ல, திறப்பாகன்னா சேலை மாத்திக்கிட்டுப் போவேன். வந்து உக்காந்து, யாரும் திறக்கலேன்னா நல்லாவா இருக்கும்? அதுக்கு முழங்கால் வலின்னு இங்கிட்டே இருந்துரலாம்ல.” சாதாரணமாகச் சொன்னார், நாளைக்குப் பால் வேண்டுமா வேண்டாமா என்பதுபோல. “போனை வைக்காதீங்க அத்தை, அப்படியே இருங்க” என்றேன். இதரவில் இருந்து வெட்டி எடுத்தேன். தாத்தா பெயரை ஒரு தலைப்பாகப் போட்டேன், அதற்குக் கீழே அவர் பெற்ற மூன்று பேர், சீமைச்சாமி, என் அப்பா, குருவம்மாள், மூன்றும் ஒரே அளவு எழுத்தில். அத்தையின் தலையில் ஓபன் என்று கையாலேயே எழுதினேன். என்னுடைய விதியை அழித்தேன். முப்பத்தெட்டுப் பெண்களுக்கும் அந்தச் சொல்லைப் போட்டேன், எனக்கும் போட்டேன். பதிவு மறுபடி கிலோமீட்டர் நீளம் ஆயிற்று, ஆகட்டும், கட்டைவிரல் தேயட்டும். வெளியிட்டேன். “இப்பப் பாருங்க அத்தை. எதையும் தொட வேண்டாம்.”

அந்தப் பக்கம் அத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தபோதே பெரியப்பாவின் அழைப்பு குறுக்கே வந்து சத்தம் போட்டது. மண்டபத்தில் திரையில் பார்த்திருக்க வேண்டும். அத்தையிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு எடுத்தேன். எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டே பேசினேன். “என்ன தாயி, எல்லாம் தொறந்து கெடக்கு? குருவு எங்கிட்டோ மேல வந்துட்டா?” “மேலதான் பெரியப்பா. உங்க பக்கத்துல. அப்படித்தான் இருக்கும்.” “நான் சொன்னது என்ன, நீ செஞ்சிருக்கது என்ன?” “மூடணும்னா கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லுங்க. குருவம்மா பகுதிய மூடுங்கன்னு அத்தை முன்னால, அவுக பிரசவம் பாத்த பயலுக முன்னால மைக்ல சொல்லுங்க. அடுத்த நிமிஷம் மூடுறேன்.” பின்னால் யாரோ ஹலோ ஹலோ என்று மைக் சோதிக்கிற சத்தம் கேட்டது. “ரொம்பப் பேசுற” என்றார். “இன்னைக்குத்தான் பேசுறேன்” என்றேன். வைத்துவிட்டார். நெஞ்சு அப்படியே பொங்கியது, நாற்பத்திரண்டு வருடம் கழித்து ஒரு ஆள் ஆன மாதிரி, மகளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும், நான் உட்கார்ந்துகொண்டே பேசினேன் என்று சொல்ல வேண்டும். அந்தப் பொங்கலோடு அத்தையின் அழைப்புக்குத் திரும்பினேன். “பாத்தீங்களா அத்தை?”

“பாத்தேன். எழுத்துப் பெருசா, நல்லா இருக்கு. அந்த மொபெட்டு போட்டோவ எங்க பிடிச்ச?” அப்பா பெட்டியில என்றேன். “சங்கரி, பத்தொம்பதுன்னு போட்ருக்க.” ஆமா அத்தை என்று பெருமையாகச் சொன்னேன், என் வரியை அவர் பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். “பொம்பளைப்பிள்ளைக எங்க?” எனக்குப் புரியவில்லை. “நம்ம வகையறாவுல நான் எடுத்தது முப்பத்து மூணு பிள்ளைக. பயலுக பத்தொம்பது, சரிதான். மிச்சம் பதினாலும் பொம்பளைப்பிள்ளைக. அதுகள ஏன் சேக்கல?” நான் அட்டவணையைத் திறந்தேன். “நீயும் எங்கையிலதான பொறந்த. கழுத்துல கொடி சுத்திக் கெடந்த.” எனக்குத் தெரியாததா. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் போன் போட்டு அத்தை சொல்கிற கதை, நீலம் பாரித்து வந்தேன், அழவில்லை, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பாதத்தில் சுண்டினார், அப்புறம்தான் அழுதேன், எனக்கு மனப்பாடம். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து டிக் போட்டு எண்ணினேனே, என் பெயருக்கு எதிரே எண் இல்லை என்று தாண்டிப் போனேன், என் பெயர் என்று கூடத் தெரியாமல் தாண்டிப் போனேன். அன்றைக்குப் பெரியப்பா எதுவும் சொல்லியிருக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. காலையில் இருந்து நான் கோபப்பட்டது யார் மேல், எந்த முகத்தோடு அந்த மனுஷனிடம் மைக்கில் சொல்லுங்கள் என்று சவால் விட்டேன். அத்தை என் முகத்தைப் பார்க்க முடியாது என்பது ஒன்றுதான் அந்த நேரத்தில் நல்லதாக இருந்தது.

“தப்புப் பண்ணிட்டேன் அத்தை. நீங்க பேரைச் சொல்லுங்க, இப்பவே போடுறேன்” என்றேன். “உனக்குத்தான் தெரியுமேன்னு உன் பேர மொதல்ல போடாத. பெறந்த வரிசைக்குப் போடு. மொதல்ல மாரித்தங்கம், எழுபத்து நாலு ஐப்பசி, மழைன்னா மழை, அரிக்கேன் விளக்குல பாத்தது. அடுத்தது அவ தங்கச்சி. அதுக்கடுத்து அண்ணன் மக ராஜகனி, ரெண்டு நாளு வலி, கடைசில நல்லபடியா வந்தா.” பெரியப்பாவின் மகள். நான் தட்டிக்கொண்டே போனேன். நோட்டு இல்லை, அட்டவணை இல்லை, வருடம், மாதம், எடை, யார் அழுதது, யார் அழவில்லை எல்லாம் அவர் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. ஒன்பதாவதாக நான் வந்தேன், ரெண்டே கால் கிலோ என்று போடச் சொன்னார், போட்டேன். திரையின் மூலையில் பார்த்தேன், நாலே ஐம்பது. “அத்தை, சேலை மாத்தணும்னு சொன்னீங்களே, கூட்டத்துக்கு நேரமாச்சு.”

“ஆகட்டும். இன்னும் அஞ்சு பிள்ளைக இருக்கு.”